நெற்றியில் ஒட்டும் ஜுரப் பட்டை

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து என் பெண் போன் செய்தாள். பேத்திக்கு ஒன்றரை வயது. சாயந்திரத்திலிருந்து சிணுங்கிக்கொண்டே இருக்கிறாளாம். பாலைத் தொடவில்லை, தூக்கினால் உடம்பு சுடுகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றாள்.

"ஜுரம் இருக்கான்னு பாத்தியா?" என்றேன்.

"பாத்தாச்சும்மா. நெத்தியில ஒட்டுற பட்டை வாங்கி வெச்சிருக்கேன். 37-ல பச்சையா இருக்கு. நார்மல்தான்."

எனக்குப் பகீர் என்றது. "அந்தப் பட்டையைப் பிச்சு எறிஞ்சுட்டு அக்குள்ல வைக்கிற தெர்மாமீட்டரைத் தேடு" என்று நான் போட்ட சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த அவள் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு துண்டுப் பட்டைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இதே பெண் பதினான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது நடந்தது. வருஷம் 1988. நாங்கள் திருச்சியில் இருந்தோம். குவைத்தில் வேலையாக இருந்த என் கொழுந்தனார் லீவில் வந்தபோது, சென்ட், சோப்பு, டார்ச் லைட்டோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையையும் என் கையில் கொடுத்தார். உள்ளே கறுப்பாக, விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. "அண்ணி, இதைக் கொழந்தை நெத்தியில வெச்சா ஜுரம் எவ்வளவுன்னு கலர்ல எழுதிக் காட்டும். பாதரசமும் வேண்டாம், உதறவும் வேண்டாம்" என்றார். என் நெற்றியில் வைத்துக் காட்டினார். ஒன்றுமே இல்லாத கறுப்பில் 36 என்ற எண் நீலமாக மினுங்கி, 37 பளிச்சென்று பச்சையாகி, 38 பழுப்பாகத் தலைகாட்டியது. தெருவில் இருந்த பெண்கள் எல்லாம் வந்து அவரவர் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதமே குழந்தைக்கு முடியாமல் போயிற்று. சளி இல்லை, இருமல் இல்லை. சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ராத்திரி பூரா அழுகை. பட்டையை எடுத்து வைத்தேன். பச்சை 37. மறுநாளும் அதே பச்சை. பல் முளைக்கிறது போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டு, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டு, ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்தேன்.

என் மாமியார் படிக்காதவர். மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் வயிற்றில் கை வைத்தார். பிறகு பாதத்தைத் தொட்டார். "கால் ஜில்லுன்னு கெடக்கு, வயிறு கொதிக்குது. உள்ளுக்குள்ள ஜுரம்டி இது. ஒன் காயிதத்தை ஓரமா வெச்சுட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ" என்றார். "இல்லேங்க அத்தை, நார்மல்தான் காட்டுது" என்று நான் வாதாடினேன். அன்று பிற்பகல் குழந்தைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. குளிர் நடுக்கம். அப்போதும் ஒரு தரம் பட்டையை வைத்துப் பார்த்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. பச்சைதான்.

டாக்டர் அக்குளில் கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்தார். 104. மூத்திரத்தைப் பரிசோதித்ததில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. அந்த வயசில் இந்தத் தொற்றுக்கு ஜுரத்தைத் தவிர வேறு அடையாளமே இல்லாமல் போவது உண்டு. கண்டுபிடித்து மருந்து கொடுப்பதில் நாள் தள்ளினால் சிறுநீரகத்தில் வடு விழக்கூடும். நான் மூன்று நாளைப் பச்சை நிறத்தைப் பார்த்தே கழித்திருக்கிறேன்! நல்ல வேளையாகப் பத்து நாள் மருந்தில் சரியாயிற்று.

நான் பட்டையைக் காட்டி, "இது பொய் சொல்லிடுச்சு டாக்டர்" என்று அழுதேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொய் சொல்லலைம்மா. தோலோட சூட்டைச் சரியாத்தான் சொல்லியிருக்கு. நீங்கதான் அதைக் கொழந்தையோட சூடுன்னு எடுத்துக்கிட்டீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. நிறம் எப்படி மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முழுசாக விளங்கியது.

பட்டைக்குள் இருப்பது மையோ சாயமோ இல்லை, திரவப் படிகம். தண்ணீர்போல் ஓடவும் செய்யும், கற்கண்டுபோல் உள்ளே ஒரு ஒழுங்கோடும் இருக்கும். இரண்டுங்கெட்டான் வஸ்து! இதை முதலில் கவனித்தவர் ஒரு தாவர விஞ்ஞானி. பிராக் நகரத்தில் இருந்த ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியர், கொலஸ்ட்ராலிலிருந்து தயாரித்த ஒரு பொருளை 1888-ல் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரியில் அது உருகிக் கலங்கலான திரவமாயிற்று. நெய் உருகினால் தெளிந்துவிடும் அல்லவா? இது தெளியவில்லை. 178.5 டிகிரிக்குப் போனதும்தான் கலங்கல் போய்த் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று திகைத்தார். ஆறும்போது அதில் நீலமும் ஊதாவுமாக நிறங்கள் ஓடியதையும் குறித்து வைத்து, ஜெர்மானிய பௌதிக விஞ்ஞானி ஆட்டோ லேமானுக்குக் கடிதம் எழுதினார். லேமான் தன்னிடமிருந்த சூடேற்றும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இது ஓடும் படிகம் என்றார். பல பேர் நம்பவில்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது? தீக்குச்சிகளை ஒரே திசையில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். அதன் மேல் இன்னொரு வரிசை, ஆனால் ஒரு துளி திருப்பி. அதன் மேல் இன்னொன்று, இன்னும் ஒரு துளி திருப்பி. இப்படியே அடுக்கிக்கொண்டு போனால் மாடிக்குப் போகும் சுருள் படிக்கட்டு மாதிரி ஆகும். இந்தப் படிகத்தின் மூலக்கூறுகள் அப்படித்தான் அடுக்கியிருக்கின்றன. அந்தச் சுருள் ஒரு சுற்றுச் சுற்றி வரும் உயரம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய மூவாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. ஒளியின் அலைகளும் அந்த அளவுக்குப் பக்கத்தில் இருப்பவை. ஆகவே சுருளின் அளவுக்குப் பொருந்துகிற நிறம் மட்டும் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. மற்றவை ஊடுருவிப் போய்விடுகின்றன. சூடு ஏறினால் முறுக்கு இறுகும், நிறம் நீலத்தின் பக்கம் போகும். சூடு குறைந்தால் முறுக்கு தளரும், நிறம் சிவப்பின் பக்கம் வரும். அதற்கும் கீழே போனால் நிறமே இராது. மயில் தோகையில் நீலச் சாயமும் பச்சைச் சாயமும் கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்புத்தான் அந்த ஜாலத்தைச் செய்கிறது என்பார்களே, இதுவும் அந்த ஜாதிதான். ஊடுருவிப் போகிற ஒளியை விழுங்கிக்கொள்ளத்தான் பட்டையின் பின்புறத்துக்குக் கறுப்புப் பூசியிருக்கிறார்கள். கறுப்பு இல்லாவிட்டால் நிறம் வெளுத்துத் தெரியும்.

இந்த வேடிக்கையை வெப்பம் அளக்கும் கருவியாக்கியவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் ஆராய்ச்சிச் சாலையில் இருந்த ஜேம்ஸ் ஃபெர்கசன். 1963-ல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். அதன் பிறகு கலவையை மாற்றி மாற்றி, இந்தச் சூட்டில் பச்சையாகு, அந்தச் சூட்டில் பச்சையாகு என்று படிகத்தைப் பழக்கிவிட்டார்கள். நெற்றிப் பட்டையில் ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஒவ்வொரு கலவை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உறைகளில் அடைத்துப் பூசியிருப்பார்கள். 1975-ல் அமெரிக்காவில் எல்லாரும் விரலில் போட்டுக்கொண்டு அலைந்த 'மனநிலை மோதிரம்' இதே சரக்குத்தான். கோபமோ சந்தோஷமோ அல்ல, விரல் சூடுதான் அதில் தெரிந்தது. கால்குலேட்டரிலும் டி.வி.யிலும் இருக்கும் திரவப் படிகம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர் முறை. (குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் சூடானால் நிறம் மாறுகிற வாத்து பொம்மை, பருப்புச் சாதம் சூடானால் வெளுக்கிற ஸ்பூன் இவற்றையெல்லாம் கேட்காதீர்கள். அவை பெரும்பாலும் வேறு வகைச் சாயம்.)

இப்போது டாக்டர் சொன்னதற்கு வருவோம்.

படிகம் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கிற பரப்பின் சூட்டைத்தான் காட்டும். உடம்புக்குள்ளே 37 டிகிரி என்றால் நெற்றித் தோல் அதைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். அதனால் பட்டை செய்பவர்கள் ஒரு கணக்குப் போட்டு, தோல் இவ்வளவு என்றால் உள்ளே இவ்வளவு இருக்கலாம் என்று எண்ணைக் கூட்டி அச்சடிக்கிறார்கள். இந்த 'இருக்கலாம்' என்பதில்தான் ஆபத்து. ஃபேன் ஓடினால் தோல் குளிரும். வியர்த்தால் குளிரும். ஏ.ஸி. அறையில் குளிரும். வெயிலில் தூக்கிக்கொண்டு வந்தால் சுடும். நான் செய்த மாதிரி ஈரத்துணி போட்டுவிட்டுப் பார்த்தால், பட்டை என் ஈரத்துணியைத்தான் அளந்து சொல்லும்!

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. ஜுரம் ஏறிக்கொண்டிருக்கும்போது உடம்பு உள்ளே சூட்டைச் சேர்த்துவைக்கப் பார்க்கிறது. அதற்காகத் தோலுக்கு வருகிற ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. கையும் காலும் ஜில்லிடுவதும், உடம்பு நடுங்குவதும், குழந்தை போர்வைக்குள் சுருண்டுகொள்வதும் இதனால்தான். உள்ளே 102, 103 என்று ஏறுகிற அதே நேரத்தில் தோல் குளிர்ந்திருக்கும். நமக்கு மிகவும் வேண்டிய நேரத்தில் பட்டை கைவிட்டுவிடுகிறது. என் மாமியார் நெற்றியைத் தொடவில்லை, கவனித்தீர்களா? வயிற்றையும் பாதத்தையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

பிரிட்டனில் 'நைஸ்' என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஜுரத்தைப் பற்றி 2007-ல் வெளியிட்ட குறிப்பிலேயே, நெற்றியில் வைக்கும் இந்த வகைப் பட்டை நம்பத்தக்கதல்ல, மருத்துவப் பணியில் இருப்பவர்கள் இதைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கடையில் கிடைக்கிறது. உறையில் சிரிக்கிற குழந்தை படமும் இருக்கிறது.

2020-ல் கடை வாசலில் துப்பாக்கி மாதிரி ஒன்றை நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, நினைவிருக்கிறதா? அதில் திரவப் படிகம் இல்லை, அகச்சிவப்புக் கதிரால் அளப்பது. ஆனால் அதுவும் தோலைத்தான் பார்க்கிறது. எங்கள் தெரு மளிகைக் கடையில் மணிக்கட்டில் காட்டி, 34, 33 என்று படித்து, "போங்கம்மா, நார்மல்" என்று எல்லாரையும் உள்ளே விட்டார்கள். உடம்புக்குள் நிஜமாகவே 33 டிகிரி இருந்தால் அந்த ஆளை ஆஸ்பத்திரிக்கல்லவா தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்!

பெண்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மேல்நாடுகளில் திரவப் படிகத் தகட்டை மார்பில் வைத்து, நிறத்தைப் பார்த்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். கட்டி இருக்கும் இடத்தில் தோல் சற்றுச் சூடாக இருக்கலாம் என்ற எண்ணம். சில சமயம் இருக்கும், பல சமயம் இராது. சூட்டைப் படம் பிடிக்கும் இந்த முறை மேமோகிராமுக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019-லும் எச்சரித்திருக்கிறது. வலி இல்லை, கதிர் இல்லை, ஐந்தே நிமிடம் என்று யாராவது கூப்பிட்டால் அதோடு நிம்மதியடைந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் எந்த நிறமும் உங்களைச் சமாதானப்படுத்தக்கூடாது.

இத்தனை திட்டினேனே, இந்தப் படிகம் எதற்குமே உதவாதா என்றால், அப்படியில்லை. மேல்பரப்பின் சூடுதான் வேண்டும் என்கிற இடத்தில் இதற்கு நிகர் இல்லை. என்ஜினீயர்கள் விமான இறக்கையின் மாதிரிக்குக் கறுப்புப் பூசி, மேலே இந்தப் படிகத்தையும் தெளித்து, காற்று எங்கே எப்படிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது என்பதை நிறத்தாலேயே படித்துவிடுகிறார்கள். மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டுவதும் இதுதான்.

பச்சைக் குழந்தைக்கும் இதில் ஒரு நல்ல உபயோகம் உண்டு. பிறந்த குழந்தைக்கு, அதிலும் எடை குறைந்த குழந்தைக்கு, ஜுரத்தைப் போலவே குளிர்ந்து போவதும் பெரிய ஆபத்து. 36.5-லிருந்து 37.5 வரை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சின்ன வட்டத்தைக் குழந்தையின் தோலில் ஒட்டிவிடுவார்கள். சூடு சரியாக இருந்தால் பச்சை. உடம்பு குளிர்ந்தால் கறுத்துவிடும். எண்ணே படிக்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அது புரியும். துணிக்குள் மூடி, நாள் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதால் ஃபேன் காற்றின் தொல்லையும் குறைவு.

அந்த வட்டம் கைவசம் இல்லாவிட்டால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இதமாக இருந்தால் சரி. வயிறு எப்போதும்போல் இதமாக இருந்து பாதம் மட்டும் ஜில்லென்றால் குழந்தைக்குக் குளிர் தாக்குகிறது என்று அர்த்தம். உடனே உங்கள் மார்போடு மார்பாக, தோலோடு தோலாக அணைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 1978-ல் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிவைத்த வழி இது. கங்காரு முறை என்கிறார்கள். வயிறும் பாதமும் இரண்டுமே குளிர்ந்திருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஒன்று, தொடுவதற்கு முன்னால் உங்கள் கை சாதாரணமாக இருக்க வேண்டும். பாத்திரம் துலக்கிய ஈரக்கைக்கு எந்தக் குழந்தையும் கொதிக்கும். அடுப்படியிலிருந்து வந்த கைக்கு எந்தக் குழந்தையும் குளிரும்.

ஜுரத்துக்கு வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். பாதரசக் கண்ணாடிக் குழாய் இருந்தால் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். உடைந்தால் அந்தப் பாதரசம் விஷம். அக்குளை வியர்வை இல்லாமல் துடைத்து, நுனி நடு அக்குளில் படும்படி வைத்து, குழந்தையின் கையை அதன் உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, 'பீப்' சத்தம் வரும்வரை பொறுத்திருங்கள். சட்டைத் துணி இடையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. குளிப்பாட்டிய உடனேயும், ஈரத்துணி போட்ட உடனேயும் பார்க்காதீர்கள். டாக்டரிடம், "அக்குளில் 101" என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களாக ஒன்று கூட்டி, ஒன்று கழித்துச் சொல்ல வேண்டாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4, அதாவது 38 டிகிரி வந்துவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதைவிடப் பெரிய குழந்தையானாலும், பால் குடிக்காமல், துவண்டு, கூப்பிட்டால் கண்ணைத் திறக்காமல் கிடந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அன்று ராத்திரி என் பெண் பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து தெர்மாமீட்டர் வாங்கிவந்து வைத்துப் பார்த்தாள். 102.2. பட்டையில் இன்னமும் அதே 37, அதே பச்சை. அப்போதே டாக்டரிடம் போனார்கள். தொண்டையில் புண். இப்போது ஓடி விளையாடுகிறாள்.

"பட்டையை எறிஞ்சுட்டியா?" என்று நேற்றுக் கேட்டேன். இல்லையாம். பால் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்பக்கம் வைத்துப் பார்க்கிறாளாம். அதில் போட்டிருக்கிற எண் நெற்றிக்கான கணக்கு, பாத்திரத்துக்குச் செல்லாது என்றேன். "தெரியும்மா. நாலு நாள் வெச்சுப் பாத்தேன். பால் ஆறி 40 பச்சையாகுறப்போ உறை ஊத்தினா தயிர் நல்லாத் தோயுது" என்றாள்.